சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அடுத்த படி: வீடற்றோருக்கு ஒரே வாசல்



இந்த மாத வகுப்புக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு அன்னதானம் அல்ல, அன்னதானத்துக்கு அடுத்த படி. நம் இயக்கத்தில் பலரும் ஈப்போ நகரில் ராத்திரி நேரத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போயிருப்பீர்கள். ரயில் நிலையத்துப் பக்கம், மேடான் கிட் பேருந்து நிலையத்துப் பக்கம், பழைய கடை வரிசைகளின் அஞ்சடியில் அட்டையை விரித்துப் படுத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பொட்டலத்தைக் கொடுக்கிறோம், "சாப்பிடுங்க ஐயா" என்கிறோம், வண்டியைக் கிளப்புகிறோம். அந்த ஐயா காலையில் எழுந்து எங்கே போவார்? எந்த அலுவலகத்தில் முதலில் ஏறுவார்? அங்கே அவரிடம் என்ன கேட்பார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடுவதுதான் இன்றைய பாடம்.

நான் பொறியியல் மாணவன். சமூகப் பணி என் துறை இல்லை. ஆனால் ஓர் அமைப்பு எந்த இடத்தில் சிக்கி நிற்கிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் படிப்பில் ஒரு பாதி. அந்தக் கண்ணோடு பார்த்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. வேலை போனால் கூரையும் போகும்

வீதியில் படுப்பவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் "குடிகாரங்க", "சோம்பேறிங்க" என்று உடனே ஒரு குரல் வரும். பேராக்கில் பிறந்த நமக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. ஏன்னா, வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை நம் குடும்பங்களே அனுபவித்திருக்கின்றன.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் என்ன இல்லை? லயத்து வீடு, ஆயாக் கொட்டகை, சின்ன மருந்தகம், தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், கடன் கொடுக்கிற மளிகைக்கடை, எல்லாமே நடக்கிற தூரத்தில். இன்றைய வார்த்தையில் சொன்னால் "எல்லாம் ஒரே இடத்தில்". ஆனால் எல்லாமே வேலையோடு சேர்ந்து வந்தவை. வேலை நின்ற அன்று வீடு, மருந்து, பிள்ளையின் பள்ளி, கும்பிட்ட சாமி எல்லாம் ஒரே நாளில் கையை விட்டுப் போகும்.

அப்படியே நடந்தது. 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். அந்தத் தோட்டத் துண்டாடலில் வேலையிழந்தவர்கள் அதோடு வீட்டையும் இழந்தார்கள். இதற்குப் பதிலாகத்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவரும் சுங்கை சிப்புட்காரர்தான். தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். ஒருத்தரால் முடியாததைப் பலபேர் சிறுகச் சிறுகச் சேர்த்துச் செய்த கதை அது. கூட்டு முயற்சி என்பது நமக்கு வெளிநாட்டுச் சரக்கு அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. லயத்தில் வளர்ந்தவர்கள் புந்தோங்குக்கும் குனோங் ராப்பாட்டுக்கும் மற்றப் பட்டணங்களுக்கும் வந்தார்கள். சொந்த வீடு வாங்க முடிந்தவர்கள் தப்பித்தார்கள். முடியாதவர்கள் வாடகை வீட்டிலோ, முதலாளி கொடுத்த அறையிலோ தங்கினார்கள். கயிறு மட்டும் அப்படியே இருந்தது.

2. வட்டமாகச் சுற்றும் முடிச்சு

எங்கள் குழு சந்தித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், மாமா என்றே வைத்துக்கொள்வோம். வயது அறுபதைத் தாண்டியவர், தோட்டத்தில் பிறந்தவர். ஈப்போவில் ஜாகா வேலை பார்த்தார். கம்பெனி கொடுத்த அறையில் தங்கினார். ஒப்பந்தம் முடிந்தது, வேலை போனது, அந்த வாரமே அறைச் சாவியையும் திருப்பிக் கேட்டார்கள். சில வாரம் கூட்டாளி வீடு, அப்புறம் அஞ்சடி. தூங்கும்போது பை களவு போனது. ஐசி அதில்தான் இருந்தது. சர்க்கரை வியாதி, காலில் புண்.

அவர் சொன்னது இது: "தம்பி, சாப்பாடு நீங்க குடுக்கிறீங்க, கோயில்ல குடுக்கிறாங்க, சீக்கியர் கோயில்லயும் குடுக்கிறாங்க. பசி எனக்குப் பெரிய பிரச்சனை இல்லப்பா. ஐசி இல்லாத ஆளா ஆயிட்டேன், அதான் பிரச்சனை."

சரி, இப்ப அவருடைய நிலைமையை ஒரு காகிதத்தில் வரைந்து பார்ப்போம். வேலை வேண்டும் என்றால் ஐசி வேண்டும், சம்பளம் போட வங்கிக் கணக்கும் வேண்டும். வங்கிக் கணக்குக்கு ஐசி வேண்டும். அறை வாடகைக்கு எடுக்க ஐசியும் முன்பணமும் வேண்டும். முன்பணத்துக்கு வேலை வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான், ஆனால் குடிமகன் என்று காட்ட ஐசி வேண்டும். சமூக நல இலாகாவின் மாத உதவித்தொகைக்கும் ஐசி. கைப்பேசிக்கு ஒரு சிம் அட்டை வாங்கக்கூட ஐசி. சரி, ஐசியையே புதிதாக எடுக்கலாம் என்றால், தொலைத்ததற்கு அபராதம் கட்ட வேண்டும். அபராதத்துக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு வேலை வேண்டும். வேலைக்கு ஐசி வேண்டும்.

கணினிப் பாடத்தில் இதற்கு "டெட்லாக்" என்று பெயர். நாலு பேர் வட்டமாக நின்றுகொண்டு, ஒவ்வொருவரும் பக்கத்து ஆள் முதலில் விடட்டும் என்று காத்திருந்தால் யாரும் நகர மாட்டார்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது தானாகத் தீராது. வட்டத்தில் ஏதாவது ஒரு கண்ணியை வெளியிலிருந்து வந்து அவிழ்த்துவிட வேண்டும். ஒன்றை அவிழ்த்தால் போதும், மற்றவை நகரத் தொடங்கிவிடும்.

மாமாவுக்கு அந்தக் கண்ணி ஐசி. ஆனால் எல்லாருக்கும் அதுவே இல்லை. இன்னொருவருக்குப் பிறப்புப் பத்திரமே கிடையாது. சிவப்பு அடையாள அட்டையோடு வயதாகிப்போனவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். ஒருவருக்கு மனநோய், தஞ்சோங் ரம்புத்தானில் 1911இலிருந்து இயங்கும் பஹாகியா மருத்துவமனை இருந்தாலும், மருந்து தீர்ந்த பிறகு திரும்பக் கூட்டிப்போக ஆளில்லை. ஒருவருக்குக் குடி. ஒரு பெண்ணுக்கு வீட்டில் அடி. முதல் கண்ணி எது என்று பேசிப் பார்க்காமல் தெரியாது. அதனால்தான் எல்லாத் துறைக்காரர்களும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

மாமா விஷயத்தில் எங்கள் குழு அபராதத்தைக் கட்டியது, கூடவே நடந்தது. எந்த அலுவலகத்திலும் யாரும் அவரை விரட்டவில்லை. ஆனால் ஐந்து இடம், ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து அதே கதை. எங்கே பிறந்தீங்க, எப்ப வேலை போச்சு, ஏன் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகல. நாலாவது இடத்தில் அவர் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார். வெளியே வந்து, "எத்தன வாட்டிப்பா என் மானத்த நானே விக்கிறது?" என்று கேட்டார். புது ஐசி கையில் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. புண்ணுக்கு மருந்து கட்டுவது அதற்கும் பிறகு.

3. ஒரே கூரை போதுமா?

"ஒரே இடத்தில் எல்லாச் சேவையும்" என்றால் பல முகப்புகளை ஒரே கட்டடத்தில் வைப்பது என்று நினைப்போம். அது முதல் படி மட்டும்தான். ஈப்போவிலேயே உதாரணம் உண்டு. பசார் பெசாரில் இருக்கும் யூ.டி.சி. பேராக் பல அரசாங்க இலாகாக்களின் முகப்புகளை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. வீடு, ஐசி, கைப்பேசி எல்லாம் வைத்திருக்கிற நமக்கு அது பெரிய வசதி. எந்த முகப்புக்குப் போகணும் என்று நமக்குத் தெரியும், வரிசை எண்ணை எடுத்துக்கொண்டு உட்காருவோம். வீதியில் இருப்பவருக்கு எந்த முகப்பு என்பதே தெரியாது. மூட்டையை எங்கே வைப்பது என்றும் தெரியாது.

ஆகவே இன்னும் இரண்டு படி வேண்டும். இரண்டாவது படி, ஒரே ஆள், ஒரே தாள். கதையை ஒரு தடவை கேட்டு எழுதிக்கொண்டு, அவருடைய சம்மதத்தோடு மற்றவர்களுக்குக் கொண்டுபோகிற ஒரு பொறுப்பாளர் வேண்டும். மூன்றாவது படி, கதவு வரைக்கும் கூட நடப்பது. "அந்த ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்று கை காட்டுவதற்கும், கூடப் போய் உட்காருவதற்கும் நிறைய வித்தியாசம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தோட்டமும் ஒருவகையில் "எல்லாம் ஒரே இடத்தில்"தான் என்று மேலே சொன்னேன். ஆனால் அங்கே எல்லாம் ஒரே கையில் இருந்தது. அந்தக் கை விட்டால் எல்லாம் போச்சு. நாம் தேடும் மையம் அப்படி இருக்கக்கூடாது. பல கைகள் சேர்ந்து ஒரு வாசலாக நிற்க வேண்டும், உள்ளே வந்தவர் தன் ஐசி, தன் கணக்கு, தன் சாவி என்று தன் கையில் வைத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். மையத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட எத்தனை பேர் அங்கிருந்து சொந்தக் காலில் வெளியேறினார்கள் என்பதே அதன் அளவுகோல்.

4. நம் நாட்டு அனுபவம்

நம்மிடம் இருக்கும் சட்டம் 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம், மலாய் மொழியில் அக்தா ஓராங் பாப்பா. அதன்படி வீதியில் பிச்சை எடுப்பவரையோ, தங்க இடமும் பிழைக்க வழியும் இல்லாதவரையோ சமூக நல அதிகாரி அழைத்துப்போய் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். விசாரணை அறிக்கைக்காக ஒரு மாதம் வரையும், பிறகு 3 ஆண்டு வரையும் நல இல்லத்தில் தங்க வைக்க உத்தரவிடலாம். டேசா பினா டிரி எனப்படும் அந்த இல்லங்கள் மெர்சிங், ஜெராண்டுட், கூச்சிங்கில் இருக்கின்றன. சாப்பாடு, மருந்து, கைத்தொழில் எல்லாம் கிடைக்கும். ஆனால் பேராக்கிலிருந்து ஜெராண்டுட் போகிறவருக்குத் தெரிந்த முகம் ஒன்றும் அங்கே இருக்காது.

2011இல் கோலாலம்பூரில் அஞ்சோங் சிங்கா என்ற மையம் தொடங்கியது. பிறகு ஜொகூர் பாரு, பினாங்கு, கூச்சிங்கிலும் வந்தது. இங்கே பிடித்துக்கொண்டு வருவது இல்லை, தானாக வரலாம். குளியல், சாப்பாடு, படுக்கை, ஆலோசனை, வேலை தேடித் தருவது எல்லாம் ஒரே இடத்தில். தங்குவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம். இது நல்ல மாற்றம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க: மாமாவின் ஐசிக்கு மட்டும் இரண்டு மாதம் ஆனது. வேலைசெய்யத் தெம்பு உள்ளவருக்கு இரண்டு வாரம் போதலாம். பத்திரம் இல்லாதவருக்கும் நோயாளிக்கும் போதாது. எனவே ஒரே அளவுச் சட்டையை எல்லாருக்கும் போட முடியாது.

2014 ஜூலையில் இன்னொரு பாடம். கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் லாட் 10 கடைத்தொகுதியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் இலவச உணவு கொடுக்கக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. பெர்த்திவி, கெச்சாரா, டாப்பூர் ஜாலானான் போன்ற குழுக்கள் அங்கே உணவு கொடுத்துவந்தன. பொதுமக்கள் பலமாக எதிர்த்தார்கள். குப்பை சேர்கிறது, ஒரே இரவில் பல குழுக்கள் வந்து சாப்பாடு வீணாகிறது என்பது ஒரு பக்கத்து வாதம். பசித்தவனைத் துரத்தாதே என்பது மறுபக்கம். பிற்பாடு மாநகர் மன்றமே உணவு கொடுக்க ஓர் இடமும், ஜாலான் பஹாங்கில் தங்குமிடமும் அமைத்தது. தடை போட்டுத் தீராத விஷயம், இடம் கொடுத்து உட்கார்ந்து பேசியதில் கொஞ்சம் நகர்ந்தது.

5. மற்ற ஊர்களில்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2004இல் ஒரு முறை தொடங்கியது. ஒரு பெரிய மண்டபத்தில் ஒரு நாள்; அடையாள அட்டை, பல் மருத்துவம், மூக்குக்கண்ணாடி, முடிவெட்டு, சக்கர நாற்காலி பழுதுபார்ப்பு, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் அங்கேயே. வருகிற ஒவ்வொருவரோடும் ஒரு தொண்டர் கூடவே நடப்பார். பிறகு மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றின.

சிங்கப்பூரில் 2019இல் வெளியான ஆய்வு, ஏறக்குறைய 921 முதல் 1,050 பேர் வீதியில் உறங்குவதாகக் கணக்கிட்டது. அதே ஆண்டில் அரசாங்கமும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து பியர்ஸ் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. அதில் நமக்கு முக்கியமான ஒன்று: சமய அமைப்புகள் தங்கள் கட்டடத்தை இரவு நேரத்தில் திறந்து, படுக்க இடம் கொடுக்கின்றன.

இந்தியாவில் 2010இல் உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னது. சென்னையில் மாநகராட்சி இடம் கொடுக்க, தொண்டு நிறுவனங்கள் காப்பகங்களை நடத்துகின்றன. பெண்களுக்கு, முதியவர்களுக்கு, மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனித்தனி. அந்தக் கணக்கை ஈப்போவுக்குப் போட்டால், ஏழு லட்சத்துக்கும் மேல் மக்கள் உள்ள நம் நகருக்கு ஏழு காப்பகம் வேண்டும்.

பின்லாந்து 2008 முதல் வரிசையையே மாற்றியது. "முதலில் திருந்து, அப்புறம் வீடு" என்பதை விட்டுவிட்டு, முதலில் சாவி, அப்புறம் மற்ற உதவி. அங்கே வீடற்றோர் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. முடிச்சின் எந்தக் கண்ணியை அவிழ்ப்பது என்று கேட்டோமே, அவர்கள் வீட்டையே முதல் கண்ணியாக எடுத்தார்கள். பழைய தங்கும் விடுதிகளைக் குடியிருப்புகளாக மாற்றவும் அரசு பணம் போட்டது. இளைஞர் கிளையால் அதைச் செய்ய முடியாது. ஆனால் எந்தத் திசையில் கேட்க வேண்டும் என்று அது காட்டுகிறது.

6. நம் கிளை என்ன செய்யலாம்?

வடலூரில் வள்ளலார் 1867இல் தருமசாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாப்பாடு சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. சாப்பாடு கொடுக்கும் இடத்தில்தான் நம்பிக்கை பிறக்கிறது. அதனால் உதவி மேசையும் அங்கேயே இருக்கட்டும்.

முதல் வேலை, ஒரு பட்டியல். ஈப்போவில் எந்த நாள், எந்த இடத்தில், யார் உணவு கொடுக்கிறார்கள் என்று கோயில், பள்ளிவாசல், தேவாலயம், குருத்வாரா, புத்த சங்கம் எல்லாரிடமும் கேட்டு ஒரே அட்டவணை போடுங்கள். சனிக்கிழமை ஐந்து குழு, செவ்வாய்க்கிழமை ஒருவரும் இல்லை என்ற நிலை இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் முகாம். கோயில் மண்டபம் போதும். முதல் மேசையில் கதையைக் கேட்கும் பொறுப்பாளர். அடுத்து அடையாளப் பத்திரங்களுக்குத் தேசிய பதிவு இலாகா, உதவித்தொகைக்குச் சமூக நல இலாகா, வேலைக்கு பெர்கேசோ, புண்ணையும் சர்க்கரையையும் பார்க்க மருத்துவக் குழு, சட்ட உதவிக்கு ஒரு வழக்கறிஞர். ஒரு பக்கம் முடிவெட்டு, குளியல், மாற்றுத்துணி, கைப்பேசிக்குச் சார்ஜ். மூட்டைகளைப் பத்திரமாக வைக்க ஓர் அறை. வருகிற ஒவ்வொருவரோடும் நம்மில் ஒருவர் நடக்கட்டும்.

மூன்றாவது, முகாம் முடிந்த மறுவாரம். இது இல்லாவிட்டால் முகாம் வெறும் திருவிழா. வாரம் ஒரு மாலை இரண்டு பேர் உட்காரும் ஒரு மேசை, யாருடைய விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று ஒரு குறிப்பேடு, அபராதத்துக்கும் பஸ் காசுக்கும் ஒரு சிறு நிதி. அவசரத்துக்கு 15999 என்ற தாலியான் காசே எண் நம் எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கட்டும்.

சில விதிகளும் வேண்டும். முகம் தெரியும்படி படம் எடுத்துப் போடக் கூடாது. எந்த இனம், எந்த மதம் என்று கேட்கக் கூடாது. ஐசி நகலை வாங்கினால் எதற்கு என்று சொல்லி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். "வாங்கண்ணே, உட்காருங்கக்கா" என்று உறவு சொல்லிப் பேசுங்கள். பெண்களோடு பேசப் பெண் தொண்டர்கள் இருக்கட்டும். ஆண்டறிக்கையில் எத்தனை பொட்டலம் என்று எழுதுவதோடு, எத்தனை பேருக்கு முதல் கண்ணி அவிழ்ந்தது, எத்தனை நாளில் அவிழ்ந்தது என்றும் எழுதுங்கள்.

7. வகுப்பில் பேச

அ) உங்கள் ஐசி, கைப்பேசி, பணப்பை மூன்றும் இன்று இரவு தொலைந்துவிட்டன, உதவிக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை என்று வையுங்கள். நாளை காலை உங்கள் முதல் மூன்று அடி என்ன? காகிதத்தில் வரைந்து பாருங்கள். வட்டம் எங்கே விழுகிறது?

ஆ) உங்கள் குடும்பத்தில் தோட்டத்தை விட்டு வந்தவர் யார்? வரும்போது அவருக்கு யார் இடம் கொடுத்தார்கள்? வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

இ) உங்கள் கோயில் மண்டபம் வாரத்தில் எத்தனை இரவு காலியாக இருக்கிறது? நாலு பேர் படுக்கத் திறப்பதானால் குளியலறை, காவல், தீப்பாதுகாப்பு, பெண்களுக்குத் தனி இடம் இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை? ஒரு தாளில் எழுதி, பணிவோடு நிர்வாகத்தாரிடம் கொடுங்கள். உடனே சரி என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் சொல்லும் காரணத்தையும் அதே தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், அடுத்த மாத வகுப்பில் அதை எடுத்துப் பேசுவோம்.